ஒரு சாண் வரப்பும் இரண்டு பொட்டலம் மண்ணும்

இருநூறு அடி நீளமுள்ள வரப்பை ஒரு சாண் தள்ளிப் போட்டால் எவ்வளவு நிலம் கைமாறும்? சாண் என்பது முக்கால் அடி. பெருக்கிப் பார்த்தால் 150 சதுர அடி. சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்பதால் இது ஒரு சென்ட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக நாற்பது மூட்டை காணும் நல்ல வயலாக இருந்தாலும், அந்தத் துண்டில் விளைவது எட்டுக் கிலோ நெல்தான்.

அந்த எட்டுக் கிலோ நெல்லுக்கான மண்ணில் நின்று பேசிய பேச்சு முற்றி, மண்வெட்டி ஓங்கி, ஓர் உயிர் போய், இன்னோர் ஆள் ஆயுள் தண்டனை பெற்று, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போவது நம் ஊர்களில் புதிதல்ல. வரப்பு, வாய்க்கால் மடை, பொதுக்கிணற்று முறை, வண்டிப்பாதை, வேலியோர வேம்பு, பங்கு பிரிக்காத வீட்டின் நடுச்சுவர் என்று குற்றவியல் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளின் தொடக்கப் பத்தியில் ஏதாவது ஒன்று அடிக்கடி வந்து நிற்கும்.

வயலில் நடந்தது ஐந்து நிமிடம் இருக்கலாம். பல ஆண்டு கழித்துச் சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து அந்த ஐந்து நிமிடத்தைத் திரும்ப எழுப்ப வேண்டியவர்கள் இரண்டு நீதிபதிகள். அந்த வயலை அவர்கள் மிதித்ததில்லை. சாட்சி சொன்னவர்களின் முகத்தைப் பார்த்ததில்லை. கையில் இருப்பது ஒரு காகிதக் கட்டு மட்டும். அதை வைத்து யார் முதலில் வரப்பைத் தாண்டினார், யார் கையில் என்ன இருந்தது, எந்த அடி என்ன நோக்கத்தில் விழுந்தது என்றெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இந்தக் கேள்விதான் என்னை இந்தத் தீர்ப்புகளுக்குள் இழுத்தது.

அப்படியொரு கட்டை முதன்முதலில் புரட்டியபோது அது ஏதோ சங்கேத மொழியில் எழுதியதுபோல் இருந்தது. அ.சா.1, அ.சா.2 என்று மனிதர்கள் எண்களாகியிருந்தார்கள். அ.சா. என்றால் அரசுத் தரப்புச் சாட்சி. அ.சா.ஆ. என்றால் அந்தத் தரப்பின் சான்றாவணம். சா.பொ.1 என்பது அரிவாளாக இருக்கும், சா.பொ.2 ரத்தக்கறை படிந்த வேட்டியாக இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் முதலாம் எதிரி. அண்ணன் தம்பிகளே இருபுறமும் நிற்கும் வழக்கில் ‘எதிரி’ என்ற அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படிப்பது மனத்தைப் பிசையும். ஆனால் எண்கள் பழகிவிட்டால் கட்டு பேசத் தொடங்கிவிடும். அரைப்பக்கம் படிப்பதற்குள் வயல் கண்முன் விரியும்.

முதல் ஆச்சரியம், அந்தக் கட்டு எதைக் கேட்பதில்லை என்பது. நிலம் யாருடையது என்று குற்றவியல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதில்லை. பட்டா, பத்திரம், பாகப்பிரிவினை எல்லாம் உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. இங்கே கேட்கப்படும் கேள்வி வேறு: சம்பவத்தன்று அந்த இடம் யார் அனுபவத்தில் இருந்தது? கிராமத்தில் சொல்வோமே, ‘பத்திரம் அவன்கிட்ட, அனுபவம் இவன்கிட்ட’ என்று, அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம்.

இந்த அனுபவத்தைச் சட்டம் எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு 1967-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த டெல்லி வழக்கு ஒன்று சாட்சி. முப்பது ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு உழுதுவந்தவரின் நிலத்தை அரசு வேறொருவருக்கு மாற்றிவிட்டது. புதிய உரிமையாளர் தரப்பு வயலில் இறங்க, குத்தகைதாரர் தரப்பு எதிர்த்தது. கீழே தண்டனை. உச்ச நீதிமன்றமோ, நிலைத்த அனுபவத்தில் இருப்பவரை உண்மையான உரிமையாளரே ஆனாலும் சட்ட வழியில்தான் வெளியேற்ற முடியும், பலத்தால் வெளியேற்ற வந்தால் அவர் தடுக்கலாம் என்று சொல்லி விடுவித்தது.

அப்படியானால் நேற்று இரவு வந்து இன்று காலை உழுதவனும் ‘என் அனுபவம்’ என்று சொல்லலாமா? 1975-ல் ஒரு பஞ்சாப் வழக்கில் இதற்கு உரைகல் கிடைத்தது. போதுமான காலம் நேரடியாகக் கைவசம் வைத்திருந்தாரா, உரிமையாளருக்கு அது தெரியுமா, பழையவரை வெளியேற்றி முடிந்து அவரும் சும்மா இருந்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது இன்னொரு அளவுகோல்: பயிர் வளர்ந்திருக்கிறதா? அத்துமீறி வந்தவர் விதைத்த பயிரே ஆனாலும், அது வளர்ந்து நின்றால் உரிமையாளர் தன் கையால் அதை அழிக்கக் கூடாது. நெற்பயிர் இங்கே ஒரு நாட்காட்டி. நாற்று வேர்பிடித்துத் தூர்கட்டிப் பால்பிடிக்கும் ஒவ்வொரு கட்டமும் இத்தனை நாள் என்று விவசாயிக்குத் தெரியும், பொய் சொல்ல வராத சாட்சி அது.

சண்டை வெடிக்கும் முன்பே தடுக்கவும் ஒரு கருவி உண்டு. நிலத் தகராறால் அமைதி கெடும் என்று காவல்துறை அறிக்கை தந்தால், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் இரு தரப்பையும் அழைக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 145-ஆம் பிரிவு. புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 164. அவரும் உரிமையைத் தொடமாட்டார், அனுபவத்தை மட்டும் பார்ப்பார். ‘நேற்றுத்தான் அடித்து விரட்டினேன், இன்று என் கையில் இருக்கிறது’ என்று ஒருவர் தந்திரம் செய்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை இன்னும் அனுபவத்தில் இருப்பவராகவே கருதலாம். அறுபது நாள் பின்னோக்கிப் பார்க்கும் கண்ணாடியைச் சட்டம் மாட்டியிருக்கிறது.

வெடித்துவிட்டால் வருவது தற்காப்புரிமை என்ற கேள்வி. தன் உடலை மட்டுமின்றித் தன் உடைமையையும் காக்க ஓரளவு பலம் பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. எவ்வளவு பலம்? இங்கேதான் படிகள். வெட்டவெளி வயலில் ஒருவர் அத்துமீறி நுழைந்தார் என்பதற்காக மட்டும் உயிரை எடுக்க முடியாது. கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவற்றிலோ, தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் நிலையிலோதான் அந்தக் கடைசிப் படி. காவல் நிலையத்துக்குப் போக நேரமிருந்தால் உரிமையே எழாது.

ஒரே மாதிரித் தொடங்கும் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இதன் நுட்பம் விளங்கும். பஞ்சாபில் உடன்பிறந்த இருவருக்குள் பங்கு நிலத் தகராறு. ஒரு சகோதரர் வெட்டுக்கருவியால் மற்றவரின் மார்பில் வெட்டுகிறார். வெட்டுப்பட்டவரின் மகன் துப்பாக்கியால் சுடுகிறார். சித்தப்பா, பெரியப்பா உறவில் ஓர் உயிர் போகிறது. விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. தந்தை மேல் விழுந்த வெட்டைக் கண்ட மகன் அடுத்த வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, 1960-களின் தொடக்கத்தில் அதே நீதிமன்றம் தீர்த்த வயல் மோதல். தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது சுட்டது தற்காப்பு என்று ஏற்ற நீதிமன்றம், ஆபத்து விலகி மற்றவர்கள் ஓடத் தொடங்கியபின் தொலைவில் ஓடியவர்களைச் சுட்டதை ஏற்கவில்லை. முகம் பார்த்து நிற்பவனுக்கும் முதுகு காட்டி ஓடுபவனுக்கும் இடையில் உரிமை முடிந்துபோகிறது. நடுவில் இருப்பது சில நொடிதான்.

அந்த நொடியில் நிற்பவன் அளந்து அடிக்க முடியுமா? முடியாது என்று நீதிமன்றங்களுக்கே தெரியும். தற்காப்பில் விழுந்த அடியைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுக்கக் கூடாது என்று தீர்ப்புகள் சொல்வதுண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தற்காப்பைச் சந்தேகமறக் காட்டவும் தேவையில்லை, ‘அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுக்குக் காட்டினால் போதும். ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று அவர் மறுத்திருந்தாலும், சாட்சியங்களிலிருந்தே தற்காப்பு புலப்பட்டால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கலாம்.

இனி, தலைப்பில் சொன்ன மண்ணுக்கு வருகிறேன். கொலை நடந்த இடத்துக்கு வரும் ஆய்வாளர் முதலில் பார்வை மகஜர் எழுதுவார். இடம் எப்படி இருக்கிறது என்ற வருணனை அது. அதோடு மாதிரி வரைபடம் போடுவார்: கிழக்கே இன்னார் வயல், மேற்கே வாய்க்கால், தெற்கே பூவரசு, உடல் கிடந்த இடம். பிறகு கையளவு மண்ணை இரண்டு பொட்டலமாக எடுப்பார். ஒன்று ரத்தம் தோய்ந்த மண், மற்றொன்று அதே வயலில் சற்றுத் தள்ளி எடுத்த சாதாரண மண். இரண்டும் ஊரார் இருவர் முன்னிலையில் கையெழுத்தோடு கட்டப்படும்.

சாதாரண மண் எதற்கு? அங்கேதான் அறிவியல் இருக்கிறது. மண்ணின் செம்மை ரத்தமாகவும் இருக்கலாம், இரும்புச் சத்தாகவும் இருக்கலாம். ஒரே சோதனையை இரண்டிலும் செய்து, ஒன்றில் வினை தெரிந்து மற்றதில் தெரியாவிட்டால்தான் அது மண்ணின் குணமல்ல, அதில் கலந்த ஒன்றின் குணம் என்று உறுதியாகும். ஒப்புநோக்கு மாதிரி என்ற இந்தக் கருத்தை ஆய்வக மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள், காவல் ஆய்வாளர் ஒருவர் அதை வரப்பில் குந்தி உட்கார்ந்து செய்துமுடிக்கிறார்.

அடுத்த கேள்வி: மனித ரத்தமா, வயலோரம் அறுத்த ஆட்டின் ரத்தமா? 1901-ல் ஜெர்மானியர் பவுல் ஊலன்ஹூத் இதற்கு அழகான விடை கண்டார். மனித ரத்தப் புரதத்தை முயலுக்கு ஊசியாகச் செலுத்தினால், அதன் உடல் அந்தப் புரதத்தை எதிர்க்கும் பொருள்களை உண்டாக்கும். அந்த முயலின் ரத்தநீருக்கு எதிர்ச்சீரம் என்று பெயர். கறையைக் கரைத்த நீரோடு இதைச் சேர்த்தால், மனித ரத்தமாக இருந்தால் வெண்ணிறக் கலங்கல் தோன்றும், ஆட்டு ரத்தமாக இருந்தால் தெளிவாகவே நிற்கும். வேறெங்கோ வளர்ந்த முயல் நம் ஊர் வரப்பின் மண்ணைப் பார்த்து ‘இது மனிதன்’ என்று சாட்சி சொல்கிறது. இத்தகைய பரிசோதனைகளுக்கு நம்மிடம் நீண்ட மரபு உண்டு. சென்னையில் 1849-ல் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம்தான் நாட்டில் இவ்வகையில் முதலாவது.

அந்தப் பொட்டலம் எந்தப் பக்கத்து மண்? மேல்முறையீட்டில் முழு வழக்கும் இந்தக் கேள்வியில் தொங்குவதுண்டு. அண்ணன் வயல் வடக்கே, தம்பி வயல் தெற்கே என்று வைத்துக்கொள்வோம். இறந்தவர் அண்ணன். ரத்தம் வடக்கே சிந்தியிருந்தால் தம்பி வரப்பைத் தாண்டிப் போயிருக்கிறார் என்று தோன்றும். தெற்கே சிந்தியிருந்தால் அண்ணன் தாண்டி வந்திருக்கிறார், தம்பி தன் மண்ணில் நின்று தடுத்திருக்கிறார் என்ற வாதத்துக்கு உயிர் வரும். சாட்சிகள் ஐந்து பேரும் வடக்கு என்று சொல்லி, மகஜர் தெற்கு என்று சொன்னால் கட்டு முழுவதும் ஆட்டம் காணும்.

இத்தனைக்கும் அந்த எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது தெரியுமா? பழைய நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணி 7.92 அங்குலம், ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவு. அண்ணன் தம்பிக்கு நடுவே உள்ள தகராறு சங்கிலியில் ஏறத்தாழ ஒரே ஒரு கண்ணி. 1:2000 அளவில் வரைந்த புலப்படத்தில் ஒரு சாண் என்பது 0.11 மில்லிமீட்டர். கூராகச் சீவிய பென்சிலின் கோடு அதைவிடத் தடிமன். ஓர் உயிர் அந்தக் கோட்டின் அகலத்துக்குள் போயிருக்கிறது.

மண் இடத்தைச் சொல்லும். நேரத்தைச் சொல்வது முதல் தகவல் அறிக்கை. அது பதிவானதும் ஒரு நகல் தாமதமின்றி நீதித்துறை நடுவருக்குப் போக வேண்டும். நள்ளிரவானாலும் காவலர் எடுத்துக்கொண்டு நடுவரின் வீட்டுக்கே போவார். நடுவர் வாங்கிய நேரத்தைக் குறித்துக் கையொப்பம் இடுவார். பார்த்தால் சாதாரணக் கிறுக்கல். உண்மையில் அது கதையை உறையவைக்கும் முத்திரை. அதற்குப் பிறகு யோசித்து ஒரு பெயரைச் சேர்க்க முடியாது. காவல் நிலையத்திலிருந்து நடுவர் வீடு நான்கு கிலோமீட்டர், நகல் போய்ச் சேர எட்டு மணி நேரம் என்றால், மேல்முறையீட்டு வழக்கறிஞர் முதலில் விரலை வைக்கும் இடம் அதுதான்.

தாமதம் எவ்வளவு வலிமையானது என்பதற்குச் சேலம் மாவட்ட மலைக்கிராமத்திலிருந்து போன கொலை வழக்கைச் சொல்ல வேண்டும். விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 1972-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று, காவல் நிலையம் இரண்டு மைலில் இருந்தும் புகார் போய்ச் சேர ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகியிருந்தது. அந்த இடைவெளியில் உண்மைக்கு மேல் பூச்சு ஏறிவிடக்கூடும் என்பது தீர்ப்பின் கவலை. நாடு முழுக்க இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

அதைவிடவும் முந்திய கடிகாரம் அரசு மருத்துவமனையில் இருக்கிறது. வெட்டுப்பட்டு வருபவரிடம் பணி மருத்துவர் என்ன நடந்தது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். ‘தெரிந்த நபர்கள் மூன்று பேர், அரிவாளாலும் கம்பாலும்’ என்ற ஒற்றை வரி. யாரையும் சிக்கவைக்கும் எண்ணமோ விடுவிக்கும் எண்ணமோ இல்லாத கை எழுதியது அது. காவல் நிலையத்துப் புகாரில் அந்த மூன்று ஏழாகியிருந்தால், கூடுதல் நான்கு பேர் எங்கிருந்து வந்தார்கள்? பங்காளி வீட்டு ஆண்கள் அத்தனை பேரையும் வழக்கில் சேர்த்துவிடும் ஆத்திரம் நமக்குத் தெரிந்ததுதான். கல்லூரியில் படிக்கும் பையன், சம்பவத்தன்று திருப்பூரில் வேலையில் இருந்த மருமகன் எல்லாம் எதிரியாகிவிடுவார்கள். அந்த ஒற்றை வரி பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

எண்ணிக்கைக்கு இன்னொரு மாயமும் உண்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ குற்ற நோக்கோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அதில் ஒருவர் அந்த நோக்கத்துக்காகச் செய்ததற்கு எல்லோரும் பொறுப்பு. நான்கு பேர் என்றால் இந்த விதி பொருந்தாது. ஐவர் மட்டுமே இருந்ததாகச் சொல்லும் வழக்கில் ஒருவர் விடுதலையானால், மற்ற நால்வரின் தண்டனைக்கு வேறு அடித்தளம் தேட வேண்டும். ஆள்கூட்டம் மோதிய வழக்குகளில் ஒரே சாட்சி சொன்னதை நம்பி எல்லோரையும் தண்டிக்காமல், இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒரேபோல் அடையாளம் காட்டிய ஆள்களை மட்டும் தண்டிப்பது நல்ல சோதனை என்று 1964-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வயல் சண்டையில் பெரும்பாலும் இரு தரப்புக்கும் அடிபடும். இரு தரப்பும் புகார் கொடுக்கும். வழக்கும் எதிர்வழக்கும். ஒவ்வொரு தரப்பும் ‘நாங்கள் சும்மா நின்றோம், அவர்கள்தான் வந்து அடித்தார்கள்’ என்றே சொல்லும். இதைத் தீர்க்க 1929-லேயே சென்னை உயர் நீதிமன்றம் வழி சொன்னது: முடிந்தவரை இரண்டையும் ஒரே நீதிமன்றம் விசாரிக்கட்டும். 1990-ல் உச்ச நீதிமன்றம் அதற்குப் படிமுறை வகுத்தது. முதல் வழக்கின் சாட்சியங்களையும் வாதங்களையும் கேட்டுத் தீர்ப்பை ஒத்திவைக்க வேண்டும். பிறகு இரண்டாவதையும் முழுதாகக் கேட்க வேண்டும். ஒரே நீதிபதி, அடுத்தடுத்து இரண்டு தீர்ப்பு. ஆனால் ஒன்றின் சாட்சியத்தை மற்றதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரே தலைக்குள் இரண்டு அறைகள், நடுவில் கதவு கிடையாது. மனித மனத்திடம் சட்டம் கேட்கும் மிகக் கடினமான காரியங்களில் இது ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

காவல்துறைக்கும் இதற்கென நிலையாணை இருக்கிறது. அதன் பழைய எண் 588-ஏ. புகார், எதிர்ப்புகார் இரண்டையும் விசாரித்து, வலுச்சண்டைக்குப் போனவர் யாரெனக் கண்டு அவர்மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும், இரண்டுமே பொய் என்றால் இரண்டையும் முடிக்க வேண்டும், முடிவுக்கு வருவது கடினமென்றால் அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்க வேண்டும். இதைப் பின்பற்றினார்களா என்பதும் மேல்முறையீட்டில் ஆராயப்படும். குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில் ஆறு தையல் போட்ட காயம் இருந்து, அதைப் பற்றி அரசுத் தரப்புச் சாட்சிகள் வாயே திறக்கவில்லை என்றால், சண்டையின் தொடக்கத்தை மறைக்கிறார்கள் என்ற ஐயம் எழும். 1976-ல் ஒரு பீகார் வழக்கில் நிலைபெற்ற கருத்து இது. பேசிய சொல்லைவிடப் பேசாத காயம் சில நேரம் உரக்கப் பேசும்.

சொல்லை எவ்வளவு நுணுக்கமாக நறுக்க முடியும் என்பதற்குக் குண்டூர் மாவட்டக் கிராமம் ஒன்று பாடம் தந்தது. அப்போது அது சென்னை மாகாணம். கிராமத்துக் கோஷ்டிகளின் மோதல், கொலை. மேல்முறையீடு 1940-களில் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. கைதானவர் போலீசிடம், ‘இந்த ஆயுதத்தால் குத்தினேன், இன்ன இடத்தில் ஒளித்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்’ என்கிற பாணியில் சொல்கிறார். போலீசிடம் தந்த ஒப்புதல் சாட்சியமாகாது. ஆனால் அதன்படி போய் ஒரு பொருள் கிடைத்தால்? வாக்கியத்தை வெட்டிவிட வேண்டும் என்றது கவுன்சில். ஒளித்த இடத்தைப் பற்றிய பகுதி உள்ளே வரும், குத்தினேன் என்பது வெளியே நிற்கும். இன்றும் நம் நீதிமன்றங்களில் ‘ஒப்புதல் வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி’ என்று தனியாகக் கோடிட்டுக் குறிப்பது அந்தத் தீர்ப்பின் வழியில்தான்.

காயத்தையும் இப்படித்தான் அளக்கிறார்கள். ஒரு பல் உடைந்தாலே கொடுங்காயம். கடும் வலியில் இத்தனை நாள் இருந்தாலும் கொடுங்காயம், பழைய தண்டனைச் சட்டத்தில் இருபது நாள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பதினைந்து. அந்தத் தேதிக்கு முந்திய சம்பவங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இன்னும் பல காலம் இரண்டு சட்டத்தையும் கையில் வைத்திருக்கும்.

உயிர் போன வழக்குகளில் மேல்முறையீட்டில் பெரும்பாலும் போராட்டம் நடப்பது ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் நடுவே. கொலை என்றால் குறைந்தது ஆயுள். ஆனால் முன்திட்டமின்றி, திடீர்ச் சண்டையில், ஆத்திரம் கொதித்த கணத்தில், அளவு மீறிய கொடூரமின்றிச் செய்திருந்தால் அது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். உயிரைப் பறிக்கும் நோக்கமில்லை, விளைவு மட்டும் தெரிந்திருந்தது என்றால் தண்டனையின் உச்சவரம்பு பத்து ஆண்டு. இதற்குக் கட்டில் தேடுவது எளிய விவரங்களை. ஆயுதம் வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிவாளா, மடை திருப்பக் கையில் வைத்திருந்த மண்வெட்டியா? ஓர் அடியா, விழுந்தபின்னும் தொடர்ந்த அடிகளா? கைக்குழந்தையை விட்டுச் சிறைக்குப் போனவர் அதன் பள்ளி விழாவுக்கு வந்து சேர்வாரா, கல்யாணத்துக்குத்தான் வருவாரா என்பது மண்வெட்டி எங்கிருந்து வந்தது என்ற ஒரு வரியில் இருக்கிறது.

இவ்வளவு நுட்பத்துக்கும் நுழைவாயில் எளிதாக இருக்க வேண்டும் என்று சட்டம் பார்த்துக்கொள்கிறது. நடுவர் தண்டித்தால் அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள். அமர்வு நீதிமன்றம் தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், மரண தண்டனை என்றால் 30. சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே மனுவை அனுப்பலாம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைத்துப் பிணையில் விடலாம். தண்டனை பெற்றவர் மட்டுமே மேல்முறையீடு செய்திருந்தால், அதில் அவருடைய தண்டனையைக் கூட்ட முடியாது. அவருடைய வழக்கறிஞர் வரவில்லை என்பதற்காகக் கட்டைப் படிக்காமல் தள்ளுபடி செய்யவும் முடியாது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. இரண்டு நீதிபதிகள் ஒருவருக்கொருவர் மாறுபட்டால் மூன்றாமவர் முன் போகும். தென்மாவட்டக் குடும்பங்கள் இதற்கெல்லாம் சென்னைக்கு இரவுப் பேருந்து ஏற வேண்டியிருந்த காலம் 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை திறந்ததும் முடிந்தது.

பாதிக்கப்பட்டவருக்கும் 2009-ஆம் ஆண்டின் கடைசி நாள் முதல் தாமே மேல்முறையீடு செய்யும் உரிமை வந்தது. ஆனால் விடுதலையை மாற்றுவது கடினம். குற்றம் சாட்டப்பட்டவரைச் சுற்றி முதலிலேயே நிரபராதி என்ற அனுமானம் ஒரு சுவராக இருக்கிறது, விடுதலைத் தீர்ப்பு இரண்டாம் சுவராக எழும்புகிறது. இரண்டு முடிவுக்கு இடமிருந்தால், விசாரணை நீதிபதி எடுத்த முடிவை மேல் நீதிமன்றம் பொதுவாகத் தொடாது. காரணம் எளியது. சாட்சி தடுமாறியதை, தண்ணீர் கேட்டதை, கண்ணைத் தாழ்த்தியதை அவர் பார்த்தார். காகிதத்தில் அது வருவதில்லை.

சிறு காயங்களின் வழக்குகளில் இன்னொரு காட்சியும் உண்டு. மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்குள் அண்ணன் மகள் கல்யாணத்தில் தம்பி குடும்பம் பந்தியில் உட்கார்ந்திருக்கும். குறிப்பிட்ட குற்றங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதியோடு அந்தக் கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ளலாம். கொலை வழக்குக்கு அந்த வாசல் இல்லை. தண்டனை பெற்றவர் நடுவில் இறந்துபோனால் மேல்முறையீடு அவரோடு முடியும். களங்கத்தோடு முடிய வேண்டாம் என்று நெருங்கிய உறவினர் 30 நாளுக்குள் கேட்டால், சிறைத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டை அவர்கள் தொடர்ந்து நடத்தலாம். இறந்துபோன அப்பாவுக்காக விடுதலை கேட்கும் மகனுக்குக்கூடச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது.

அந்த ஒரு சாண் மட்டும் அப்படியே இருக்கும். குற்றவியல் நீதிமன்றம் எப்படி முடித்தாலும் நிலத்தின் உரிமையை அது தீர்க்காது. உரிமையியல் வழக்கு தன் பாட்டுக்கு நடக்கும், வாரிசுகளுக்குக் கைமாறும், நில அளவர் ஒருநாள் வந்து கல்லைத் தேடுவார்.

விசாரணைத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் பொதுவாக ஒரு சிறு பத்தி இருக்கும். வழக்கில் தாக்கலான சான்றுப் பொருள்களில் மதிப்பில்லாதவற்றை மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின், மேல்முறையீடு இருந்தால் அது முடிந்தபின், அழித்துவிட வேண்டும் என்று. அதுவரை அரிவாளும் வேட்டியும் அந்த இரண்டு பொட்டலங்களும் நீதிமன்றச் சொத்து அறையில் எண்ணிட்ட சீட்டோடு இருக்கும். மேலே எல்லாம் முடிந்து கட்டு திரும்பி வந்ததும், ஊழியர் பதிவேட்டில் கோடு போட்டுவிட்டுப் பொட்டலங்களைப் பிரிப்பார். ரத்தம் தோய்ந்த மண், சாதாரண மண் என்ற சீட்டுகளை எடுத்துவிட்டால் அது அண்ணன் பக்கத்து மண்ணா, தம்பி பக்கத்து மண்ணா என்று அவருக்குத் தெரியாது.